சத்தத்தை அடக்கப் போய் வீட்டை நனைக்காதீர்கள்: மீன் தொட்டி ஓவர்ஃப்ளோவிலும் சம்ப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் நாங்கள் இருப்பது பழைய காலத்துப் பலகைத் தளம் போட்ட மேல்மாடி. கீழே தையல் கடை. நாலடி மீன் தொட்டிக்குக் கீழே சம்ப் வைத்து இணைத்த முதல் வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. சம்ப் என்பது கீழே இருக்கும் இரண்டாவது தொட்டி. மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர் ஒரு சின்னப் பெட்டிக்குள் விழுந்து, பைப் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். மோட்டர் அதை மறுபடி மேலே தள்ளும். பகலில் பஸ்ஸும் லொறியும் போகிற சத்தத்தில் ஒன்றும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கியதும் அந்தப் பைப் தன் வேலையைத் தொடங்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை "கொளக்" என்று தண்ணீரை விழுங்கி, நீளமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு ஓயும். "யாரோ கக்கூஸ்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றார் மனைவி. பிழை சொல்ல முடியாது, அச்சு அசல் அதே சத்தம்தான்.

நான் என்ன செய்தேன்? ஹார்ட்வெயாரில் ஒரு போல் வால்வ் (ball valve) வாங்கி, கீழே இறங்கும் ஒரே பைப்பில் பூட்டி, சத்தம் நிற்கும்வரை மூடினேன். பைப் முழுக்கத் தண்ணீர் நின்றது, காற்று போக வழியில்லை, சத்தமும் இல்லை. என்னைப் போல் கெட்டிக்காரன் யாரும் இல்லை என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. காலையில் தையல் கடைக்காரர் கதவைத் தட்டினார். அவர் கையில் ஈரச் சட்டைத் துணி ஒரு கட்டு.

நடந்தது இதுதான். கரண்ட் போனதும் பைப்புக்குள் காற்று புகுந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டர் பழைய வேகத்திலேயே தண்ணீரை மேலே தள்ளியது. பாதி மூடிய வால்வோ காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அந்த வேகத்தில் கீழே விடவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. காற்று தானாக வெளியேறி இருந்தாலும்கூட, ஏதாவது ஒருநாள் ஒரு வலிஸ்னேரியா நீர்ச்செடி இலை அந்த இடுக்கில் சிக்கி இதே முடிவுக்குத்தான் கொண்டுவந்திருக்கும். ஒரே ஒரு வடிகால் பைப் இருக்கும்போது அதில் வால்வ் வைத்து நெரிக்கவே கூடாது. செய்யக் கூடாதவற்றில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை அடக்க முயல்வதும் தவறுதான். தண்ணீர் தனியாகப் போனால் சத்தம் கிடையாது, காற்று தனியாகப் போனாலும் கிடையாது. இரண்டும் ஒரே பைப்பில் அடித்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொளகொளப்பு. எங்கள் வீட்டுக் "கொளக்"குக்கும் காரணம் அதுதான். பெட்டியில் தண்ணீர் ஏறி பைப் வாயை மூடியதும் சைஃபன் பிடிக்கும், அதாவது காற்றில்லாமல் நிரம்பிய பைப் தண்ணீரைத் தானாகவே இழுக்கத் தொடங்கும். சைஃபன் மோட்டரைவிட வேகமாக இழுப்பதால் பெட்டி காலியாகும், காற்றை உறிஞ்சும், சைஃபன் அறும். தண்ணீர் மறுபடி ஏறும். இது முடிவே இல்லாத சுற்று.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒரே பைப்தான் வைக்க முடியும் என்றால் அதன் தலையில் ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டு, வாயைத் தண்ணீருக்குள் கீழ்நோக்கித் திருப்பி, மேல் மூடியில் காற்றுக்குச் சின்னத் துளை விடுவது ஒன்று. டர்ஸோ பைப் என்பார்கள். துளை சிறிதாக இருந்தால் கக்கூஸ் சத்தம், அளவுக்கு மிஞ்சினால் ஓயாத கொளகொளப்பு. நடுவில் ஓர் இடம் இருக்கிறது. துளையில் காற்று டியூப் ஒன்றைச் செருகி அதன் முனையில் குட்டி வால்வ் பூட்டினால் அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடிக்கலாம். சத்தம் வெகுவாகக் குறையும், முழுதாகப் போகாது.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டாவது வழி, இரண்டு பைப். ஹெர்பி முறை என்று பெயர். முதல் பைப்பின் வாய் பெட்டிக்குள் தாழ்வாக இருக்கும். அது முழுச் சைஃபனாக ஓடும், சம்ப் பக்கத்தில் ஒரு கேட் வால்வ் இருக்கும். இரண்டாவதன் வாய் உயரத்தில் இருக்கும். அதில் வால்வே கிடையாது, முதலாவதைவிடச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. முதல் பைப்பின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் பெட்டியில் தண்ணீர் ஏறி, இரண்டாவது பைப்பின் ஓரத்தில் நூல் போல வழியத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்த நூல் வழிவதற்குச் சத்தம் கிடையாது. முதல் பைப் அடைத்தால் எல்லாத் தண்ணீரும் இரண்டாவதில் கொட்டும். அப்போது பெரிய சத்தம் வரும், வரத்தான் வேண்டும். மூன்றாவதாகவும் ஒரு பைப் சேர்க்கிற பீன் அனிமல் முறையும் உண்டு. இடம் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் பத்திரம்.

இந்த வேலைக்குப் போல் வால்வ் போதாது. அதன் கைப்பிடி கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடிவிடும், மயிரிழை அளவு திருப்ப முடியாது. கேட் வால்வ்தான் வேண்டும். மலைநாட்டுக் கடைகளில் கேட் வால்வ் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் பித்தளை. நம் ஓடைத் தண்ணீர் மிருதுவானது, அமிலத் தன்மை பக்கம் சாய்வது. அப்படிப்பட்ட தண்ணீர் பித்தளையிலிருந்து செம்பைக் கரைத்து எடுக்கும். மீன் தாங்கிக்கொண்டாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பிளாஸ்டிக் கேட் வால்வுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ சொல்லிவிட்டுக் காத்திருப்பது நல்லது.

தொட்டியில் துளை போடப் பயந்து, கண்ணாடி விளிம்பில் தொங்கவிடும் யூ வடிவ சைஃபன் ஓவர்ஃப்ளோவைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். வளைவின் உச்சியில் சிறு குமிழ்கள் மெல்லச் சேர்ந்து ஒருநாள் சைஃபனை அறுக்கும். மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துளை போடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: கண்ணாடி டெம்பர் செய்ததா? அப்படியானால் துளைக்கருவி பட்டதும் முழுக் கண்ணாடியும் கல்கண்டாக உதிரும். சாதாரணக் கண்ணாடி என்றால் வைரத்தூள் பதித்த துளைக்கருவி, ஓயாமல் ஊற்றத் தண்ணீர், அவசரப்படாத கை. துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில் துளையின் அகலமாவது மிச்சம் இருக்கட்டும். துளையில் பைப்பைப் பொருத்தும் டேங்க் கனெக்டரின் ரப்பர் வளையம் தண்ணீர் பக்கம், தலைப்பகுதிக்கு அடியில் வர வேண்டும். நட்டுப் பக்கம் போட்டுவிட்டு, ஒழுகுகிறதே என்று சிலிக்கோன் பூசுகிற பாஸ்மாரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. சலிப்பான வேலைதான், ஆனால் தரையைக் காப்பாற்றுவது இதுதான். என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். ஒரு செ.மீ. தண்ணீர் இறங்கினால் 5.4 லீட்டர். மேலே தண்ணீர் தள்ளும் ரிட்டர்ன் பைப்பின் வாயை ஆரம்பத்தில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 5 செ.மீ. கீழே வைத்திருந்தேன். கரண்ட் போனால் அந்தப் பைப்பே சைஃபனாக மாறி, அதன் வாய் வெளியே தெரியும்வரை தொட்டியைக் கீழே இழுக்கும்: 27 லீட்டர். ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 4 லீட்டர், பெட்டிக்குள் இருப்பது 4.5, பைப்புகளில் ஒன்று. மொத்தம் 36 லீட்டருக்கு மேல். என் சம்ப் 75 செ.மீ.க்கு 35 செ.மீ., அதில் ஒரு செ.மீ. என்பது 2.6 லீட்டர். அப்படியென்றால் சம்ப்பில் தண்ணீர் 14 செ.மீ. ஏறும். சம்ப் உயரம் 40, ஓடும்போது மட்டம் 28. மிச்சத்தை நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

இப்போது வாய் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழேதான் இருக்கிறது. திரும்புவது 15 லீட்டர், சம்ப்பில் ஏறுவது 6 செ.மீ.க்கும் குறைவு. ஒருவழி வால்வ் போட்டால் போதுமே என்பார்கள். அதில் ஒரு சிறு நத்தை உட்கார்ந்தாலே மூடாது. போடலாம், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போட வேண்டும். இரண்டு வடிகாலும் அடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சம்ப்பைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்திருப்போம், அதில் மோட்டர் இருக்கும் அறையின் தண்ணீர் முழுவதும் மேலே போகும். என்னுடையது 17 லீட்டர், தொட்டியில் மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு இடம் தொட்டியின் மேல் விளிம்பில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு தவறும் இங்கே சேர்ந்துகொள்கிறது. தோட்டப்பக்க வீடுகளில் தண்ணீர் மேலே ஓடையிலிருந்து பைப் வழியாகத் தானாக இறங்கி வரும். மோட்டர் கிடையாது, பில்லும் பலருக்குக் கிடையாது. ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக அந்த லைனையே மிதவை வால்வ் வழியாகச் சம்ப்பில் கொடுத்துவிடுகிறார்கள். வடிகால் அடைத்து மோட்டர் அறை காலியாகும்போது அந்த மிதவை திறந்துகொள்ளும். பிறகு மலையே தொட்டிக்குள் இறங்கும். ஒரு வாளியை நிரப்பி, அதிலிருந்து மட்டும் மிதவைக்குத் தண்ணீர் கொடுங்கள். மோசமாகப் போனாலும் ஒரு வாளித் தண்ணீர்தான்.

மோட்டர் விஷயத்தில் பெரியதை வாங்குவதே பெருமை என்று இருக்கிறது. 240 லீட்டர் தொட்டிக்கு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் லீட்டர் தண்ணீர் சுற்றினால் போதும். மோட்டர் வாங்கிய அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, உயரமே ஏற்றாதபோது தருவது. சம்ப்பிலிருந்து நாலைந்து அடி ஏற்றும்போது அது நன்றாகக் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் தள்ளுகிற ஒவ்வொரு லீட்டரும் சத்தமாகத்தான் இறங்கி வரும். சத்தம் தாங்கவில்லை என்றால் வேறு எதையும் தொடுமுன் மோட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

தண்ணீர்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் மோட்டரின் "ம்ம்ம்" கேட்கத் தொடங்கும். பலகைத் தளத்தில் அது தவில் மாதிரி. கீழே கடையில் தையல் மெஷினைவிட அது கேட்டதாம். மோட்டரைத் தடித்த ஸ்பொஞ்சில் வைத்தேன். மோட்டருக்கும் கடினப் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் மிருதுவான டியூப் போட்டேன். பைப் அலமாரிப் பலகையைத் தொடும் ஓட்டையைப் பெரிதாக்கி ரப்பர் சுற்றினேன். சம்ப்புக்கு அடியில் ரிஜிஃபோம் (தெர்மோகோல்). கடைசியில் குற்றவாளியாக மிஞ்சியது, கண்ணாடியில் சாய்ந்துகொண்டிருந்த மோட்டர் வயர்! ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள், எதை அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான்.

சம்ப்புக்குள் இறங்கும் பைப்பின் நுனி தண்ணீருக்கு மேலே நின்றால் சளசளக்கும். அதற்காக அரையடி ஆழத்தில் முக்கிவிடவும் கூடாது, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள முடியாமல் சைஃபன் தொடங்கத் திணறும். இரண்டு மூன்று செ.மீ. போதும். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு போடுங்கள். படுக்கையாகப் போகும் பைப்புக்குச் சரிவு கொடுங்கள்.

குளிரையும் மறக்கக் கூடாது. நுவரெலியா பக்கம் சராசரி வெப்பமே 16 பாகை அளவில்தான். தங்கமீன் தவிர ஏஞ்சல், கப்பி என்று வளர்த்தால் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஹீட்டரை மோட்டர் அறையில் வைப்பதுதான் பலரும் செய்வது. ஆவியாகும்போது மட்டம் இறங்குவது அந்த அறையில்தான், ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கும். மட்டம் மாறாத, சம்ப்பின் நடு அறையில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் குளிர் காற்றும் சந்திக்கும் அலமாரிக்குள் வியர்த்துக் கொட்டும், சிப்போர்ட் பலகை ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும். சத்தத்தை அடக்க அலமாரியை இறுக்கி அடைக்கிறவர்கள் பின்பக்கமாவது திறந்து விடட்டும். வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறட்டும். வழியும் துளி அந்த வளைவிலேயே விழுந்துவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் இதையெல்லாம் பூட்டாதீர்கள்.

பைப் கம் காய்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொன்று. 2022இல் ஒருநாளைக்கு எத்தனை முறை கரண்ட் போய் வந்தது என்று நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்தப் பரீட்சையை நீங்களே வையுங்கள். பிளக்கைப் பத்துத் தடவை கழற்றி மாட்டி, ஒவ்வொரு தடவையும் சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்று நின்று பாருங்கள். என் தொட்டியில் முதல் ஒரு நிமிஷம் இரைச்சலாகக் கொட்டும், பிறகு காற்றெல்லாம் வெளியேறி அடங்கும். அதன்பின் முதல் பைப்பின் வாயைக் கையால் பொத்துங்கள். இரண்டாவது பைப் தனியாகச் சமாளிக்க வேண்டும். இதைப் பகலில், தரையில் துணி விரித்துச் செய்யுங்கள்.

முதல் சில வாரம் வால்வைத் தினமும் தொட வேண்டிவரும். பைப்பின் உட்சுவரில் வழவழப்புப் பிடித்து ஓட்டம் மெல்ல மாறும், பெட்டியில் மட்டம் ஏறும், நூல் கயிறாகும். அப்போது வால்வை ஒரு மயிரிழை திறந்தால் சரி. கேட் வால்வின் பிடியிலும் உடம்பிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், துப்புரவுக்குக் கழற்றினாலும் பழைய இடத்துக்கே திருப்பலாம். பெட்டியின் வாயில் ஒரு வலையும் இருக்கிறது, சனிக்கிழமை தோறும் இலைகளை அதிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது பைப்பில் மட்டும் வலை போடவில்லை.