எஸ்றா 2-ம் அதிகாரம்: பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப ஜெபத்தில் பைபிளின் எஸ்றா புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் அதிகாரம் வந்ததும், "இது வெறும் பேர்தான், அடுத்ததை வாசி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் பல வருடம் அப்படித்தான் நடந்தது. முதல் தவறு இதுதான். அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போனால், பாபிலோனிலிருந்து ஊர் திரும்பிய யூத மக்களுக்குக் கையிலிருந்த ஒரே ஆதாரம் எது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்து, மக்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனது. கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் ஊர் திரும்பலாம் என்று உத்தரவு கொடுத்தார். நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருடம். புறப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே பிறந்தவர்கள். எந்த ஊர் நம் ஊர், எந்த நிலம் நம் நிலம், ஆலயத்தில் நமக்கு என்ன வேலை என்பதற்கெல்லாம் தகப்பன் வீட்டுப் பதிவுதான் பதில்.

அடுத்த தவறு, 'புத்திரர்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது. "பாரோஷின் புத்திரர் 2,172" என்றால் ஒருவருக்குப் பிறந்த பிள்ளைகள் அல்ல, பாரோஷ் பெயரால் அறியப்பட்ட முழு வம்சம். சில இடங்களில் முன்னோர் பெயரே இல்லை, ஊர்ப் பெயர்தான் இருக்கிறது: பெத்லகேம் 123, எரிகோ 345, ஆனதோத் 128. இவர்களை ஊரை வைத்தே எண்ணியிருக்கிறார்கள்.

அந்த ஆனதோத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது எரேமியா தீர்க்கதரிசியின் ஊர். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, தன் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேலிடமிருந்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு அவர் வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இனி இந்த நாட்டில் வீடும் நிலமும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது. இதை மனதில் வைத்துக்கொண்டு "ஆனதோத்தின் மனிதர் 128" என்று வாசித்துப் பாருங்கள். எனக்கு அந்த வரியில் இப்போதும் குரல் தடுமாறும்.

கூட்டல் விஷயத்திலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மொத்தம் 42,360 பேர் என்று எஸ்றாவும் சொல்கிறது, இதே பட்டியல் மறுபடி வரும் நெகேமியா 7-ம் அதிகாரமும் சொல்கிறது. தனித்தனி எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089. அஸ்காதின் வம்சம் எஸ்றாவில் 1,222, நெகேமியாவில் 2,322. இதைப் பார்த்துப் பட்டியலே பொய் என்று தூக்கிப் போடுவதும் சரியில்லை, விட்டுப்போனது பெண்கள்தான், வேறு கோத்திரத்தார்தான் என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. அப்படி மூலத்தில் எங்கும் எழுதியில்லை. கையால் பிரதி எடுக்கும்போது எழுத்தைவிட எண்கள் எளிதில் மாறும். இவை ஒரே பட்டியலின் இரண்டு பிரதிகள், அவ்வளவுதான்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் வசனத்தில் வரும் நெகேமியா, பிற்காலத்தில் எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா அல்ல. அவர் வந்தது கி.மு. 445-ல், ஏறக்குறைய 90 வருடம் கழித்து. அதேபோல, எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்பதும் தவறு. பாபிலோனியாவின் நிப்பூர் நகரில் கிடைத்த, முராஷு என்ற வணிகக் குடும்பத்தின் களிமண் பலகைகளில், கி.மு. 5-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் யூதப் பெயர்கள் இருக்கின்றன. குத்தகை, கடன், வரி என்று அங்கேயே வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

சரி, மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். பதிவு இல்லாதவர்களைத் துரத்திவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தெல்மெலாக், தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்த தெலாயா, தொபியா, நெகோதா வம்சத்தார் 652 பேரால் தாங்கள் இஸ்ரவேலர் என்று காட்ட முடியவில்லை. காட்ட முடியவில்லை என்பதையும் எழுதி, அவர்களையும் எண்ணி, அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆலயப் பணிவிடைக்காரரான நிதனீமியரில் சிசெரா, ரேத்சீன் போன்ற அந்நியப் பெயர்கள்கூட உண்டு. சுத்த ரத்தம் தேடிய பட்டியலாக இதை வாசிப்பவர்கள் இந்த வரிகளைக் கவனிப்பதில்லை.

ஆசாரியர்கள் விஷயத்தில்தான் கண்டிப்பு. அபாயா, கோஸ், பர்சிலாய் ஆகிய மூன்று வீட்டாரும் தங்கள் அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இதில் பர்சிலாய் வீட்டாரின் கதை தனி. அவர்களுடைய முன்னோர் ஒருவர், தாவீதுக்கு ஆபத்தில் சோறு போட்ட கிலேயாத்தியனான பர்சிலாயின் மகள்களில் ஒருத்தியைக் கட்டி, மாமனார் வீட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டார். ஒருவேளை அந்தப் பெயர் மாற்றத்தாலேயே ஆசாரிய வழியைக் காட்ட முடியாமல் போயிருக்கலாம்.

ஆசாரியருக்கு நிலப் பங்கு கிடையாது, காணிக்கையில் வரும் பங்குதான் சாப்பாடு. ஆகவே பதிவு இல்லை என்றால் அடி விழுவது தட்டில். ஆனாலும் அதிபதி சொன்னதைக் கவனியுங்கள்: ஊரீம் தும்மீம் (கடவுளின் தீர்ப்பைக் கேட்க ஆசாரியர் பயன்படுத்தியவை) உள்ள ஒரு ஆசாரியன் எழும்பும்வரை, காணிக்கையில் ஆசாரியருக்கு மட்டுமே உரிய மகா பரிசுத்தமானதைச் சாப்பிடக் கூடாது. 'வரை' என்று ஒரு சொல் இருக்கிறது. வழக்கைத் தள்ளுபடி செய்யவில்லை, நிலுவையில் வைத்தார்.

பல வருடம் கழித்து ஆசாரியனும் வேதபாரகனுமான எஸ்றா பாபிலோனிலிருந்து வெள்ளியும் பொன்னும் கொண்டுவருகிறார். எருசலேம் சேர்ந்த நான்காம் நாள், ஆலயத்தில் அதை நிறுத்து ஒப்படைக்கிறார்கள். வாங்கிக்கொள்பவர் ஆசாரியனாகிய உரியாவின் மகன் மெரெமோத். நெகேமியா 3-ல் அதே பெயர், மதிலில் ஒரு பகுதியைக் கட்டுகிறார். அங்கே உரியாவின் தகப்பன் பெயரும் இருக்கிறது: கோஸ். இது அட்டவணை கிடைக்காமல் நிலுவையில் நின்ற அந்தக் கோஸ் வீடுதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் ஆம் என்று நினைக்கிற பக்கம். மெரெமோத் கையில் ஒப்படைத்த எல்லாவற்றின் நிறையையும் அப்போதே எழுதி வைத்தார்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது.