ஹட்டனில் வீட்டு முற்பணம் திரும்பக் கிடைத்த விதம்

வாடகை வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்த பிறகும் முற்பணம் வரவில்லை. "சுவரெல்லாம் பூஞ்சணம், பெயின்ட் அடிக்கவே காசு பத்தாது தம்பி" என்றார் வீட்டுக்காரர். மின்கட்டணப் பாக்கி என்றும் சொன்னார். கடைசி பில்லையும் மீற்றர் படத்தையும் காட்டியதும் அந்தப் பேச்சை விட்டார். பூஞ்சணக் கதையை விடவில்லை.

பொலிஸில் இது சிவில் விடயம் என்றார்கள். சட்டத்தரணியோ, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார். அது வழக்குக்குப் போகாமல் இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் சபை; இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. அங்கே சட்டத்தரணி வாதாட முடியாது, நாமே பேசவேண்டும்.

கைகொடுத்தது ஒரு பழைய வாட்ஸ்அப் செய்தி. குடிவந்த வாரமே, கூரைத் தகரத்தின் ஆணித் துளை வழியே மழை கசிந்து சமையலறை மூலை கறுத்திருந்ததைப் படம்பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தேன். போன் மாற்றியதில் கேலரிப் படத்தின் திகதி மாறிப்போயிருந்தது. செய்தியின் திகதி மாறவில்லை. "ஆள் அனுப்புறேன்" என்ற பதிலோடு அது அவருடைய போனிலும் இருந்தது. கூரைத் திருத்தம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே உண்டு. மத்தியஸ்தர்கள் இரண்டையும் சேர்த்து வாசித்தார்கள்.

உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வீட்டுக்காரர் இணங்கினார். இணக்கப் பத்திரத்தில் பணம் தரும் திகதியையும் கேட்டு எழுதுவித்தேன். அந்தத் திகதியிலேயே காசு கணக்கில் விழுந்தது. பெரிய நிம்மதி.