க்யூபல்வாகன் மாடலுக்கு மூவண்ண உருமறைப்பு அடிப்பது எப்படி? (1/35 அளவு)

க்யூபல்வாகன் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் ஓட்டிய ஜீப் போன்ற சின்ன வண்டி. 1943 பிப்ரவரி வரை ஜெர்மன் ராணுவ வண்டிகள் பெரும்பாலும் அடர் சாம்பலில்தான் வந்தன. அந்த மாத உத்தரவுக்குப் பிறகு அடிநிறம் அடர் மஞ்சளானது. அதன்மேல் அடிக்க வேண்டிய ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டின்களில் படைப்பிரிவுகளுக்கே போய்ச் சேர்ந்தன. வீரர்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, கைக்குக் கிடைத்த ஸ்ப்ரே கன்னால் அடித்தார்கள். அதனால் ஒரு வண்டியைப் போல இன்னொன்று இருக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி: பச்சை, பழுப்புப் பட்டை கொஞ்சம் தள்ளிப்போனாலும் தவறில்லை.

கவனிக்க வேண்டியது பட்டையின் ஓரம். நிஜ வண்டியில் நிறம் மங்கி முடியும் அகலம் 5 செ.மீ. என்றால், 1/35 மாடலில் அது 1.4 மி.மீ.தான். மங்கல் 4, 5 மி.மீ.க்குப் பரவிவிட்டால், மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மாடல் பொம்மையாகத்தான் தெரியும். கீழே சொல்லும் கலவை, அழுத்தம், தூரம் எல்லாமே அந்த ஓரத்துக்காகத்தான்.

தேவையானவை

0.3 மி.மீ. முனையுள்ள டபுள் ஆக்ஷன் ஏர்பிரஷ் (காற்றையும் பெயிண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம்), அழுத்தமானி உள்ள கம்ப்ரசர், கிரே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த லாக்கர் தின்னர். தமியா நிறுவனப் பெயிண்டில் எக்ஸ்எஃப்-60 அடர் மஞ்சள், எக்ஸ்எஃப்-58 ஆலிவ் பச்சை, எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு, எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மணல் நிறம்), பளபளப்புக்கு எக்ஸ்-22. லாக்கர் தின்னரின் ஆவி பொல்லாதது. கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் அடிக்க வேண்டாம். துணி மாஸ்க் போதாது.

1. தயாரிப்பு

பாகங்களை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள். கதவுகளைப் பொருத்திவிட்டே பெயிண்ட் அடியுங்கள். பட்டைகள் உடலிலிருந்து கதவுக்குத் தொடர்ந்து ஓட வேண்டும். சக்கரங்கள், முன்மூடிமேல் வரும் ஸ்டெப்னி, முன்கண்ணாடி, மடிப்புக் கூரை எல்லாம் தனியாக இருக்கட்டும். பிரைமர் மெல்லிய இரண்டு பூச்சு போதும்.

2. அடிநிறம்

எக்ஸ்எஃப்-60 ஐந்து பங்குக்கு பஃப் ஒரு பங்கு சேருங்கள். சின்ன மாடலில் குப்பி நிறம் அப்படியே அடித்தால் இருண்டு தெரியும். இந்தக் கலவைக்குச் சமபங்கு தின்னர், 15–18 பிஎஸ்ஐ அழுத்தம், 8 செ.மீ. தூரம். மேற்பரப்பு மணல்போலச் சொரசொரத்தால், பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து விழுகிறது என்று பொருள்: கிட்டே போங்கள், அல்லது தின்னரைக் கூட்டுங்கள். பிறகு ஒரு நாள் காயட்டும்.

3. பட்டைகள்

பெயிண்ட் ஒரு பங்கு, தின்னர் இரண்டு முதல் இரண்டரைப் பங்கு. அழுத்தம் 10–12 பிஎஸ்ஐ. முனைக்கும் மாடலுக்கும் 1–2 செ.மீ.தான் இடைவெளி. முதலில் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு 2 மி.மீ.க்குள் வந்த பிறகே மாடலுக்குப் போகலாம்.

பச்சையில் தொடங்குங்கள். பட்டையின் எல்லையை மெல்லிய கோடாக வரைந்து, பிறகு உள்ளே நிரப்புங்கள். நடுவிலிருந்து வெளியே வந்தால் ஓரம் கட்டாயம் பரவிவிடும். காற்றை முதலில் திறந்து, கை நகரத் தொடங்கிய பிறகே பெயிண்டை விடுங்கள். நிறுத்தும்போது பெயிண்டை மூடிவிட்டுக் காற்றை மூடுங்கள்.

க்யூபல்வாகனின் பக்கத் தகடுகளில் அழுத்திய வரிப்புடைப்புகள் நிறைய உண்டு. ஒரே கோணத்தில் அடித்தால் ஒவ்வொரு வரியின் மறுபக்கச் சரிவும் மஞ்சளாகவே நின்று, பட்டை சீப்புப் பல்போல வெட்டுப்பட்டுத் தெரியும். மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை, இரண்டும் மெல்லிசாக அடியுங்கள்.

வழக்கமாக வரும் கோளாறுகள் மூன்று. பெயிண்ட் சிலந்திக் கால்போல ஓடினால் அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். ஓரத்தில் புள்ளிகள் தெறித்தால் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்திருக்கிறது. தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் நுனியைத் துடையுங்கள். இது சில நிமிடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. ஓரம் அகன்றுபோனால், அதே மெல்லிய கலவையில் அடிநிறத்தை எடுத்து வெளிப்பக்கமிருந்து ஓரத்தைத் திருத்துங்கள். பச்சை முடிந்த பிறகு செம்பழுப்பும் இப்படியே. மஞ்சள் ஏறக்குறைய பாதிப் பரப்பிலாவது மிஞ்சி நின்றால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

4. மூன்றையும் இணைத்தல்

பஃப் ஒரு பங்கு, தின்னர் ஒன்பது பங்கு. 15 செ.மீ. தள்ளி நின்று மொத்த வண்டிக்கும் ஒரு தூவல் கொடுங்கள். தனித்தனியாகத் துருத்திய நிறங்கள் ஒன்றாகிவிடும்.

5. வாஷும் சிராய்ப்பும்

எக்ஸ்-22 அடித்து ஒரு நாள் காயவிட்டு டெக்கால் (எண், சின்னம் உள்ள ஒட்டுப்படம்) ஒட்டுங்கள். பிறகு அடர்பழுப்பு எனாமல் வாஷை (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) வரிப்பள்ளங்களிலும் கதவு இடுக்குகளிலும் மட்டும் ஓடவிடுங்கள். சக்கர அச்சு இணைப்புகளில் வாஷ் தேங்கக் கூடாது. எனாமல் தின்னர் பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் ஊறினால் பிளாஸ்டிக் விரிசல்விட்டு உடையும். சிராய்ப்பை ஸ்பாஞ்ச் துணுக்கால், கால் படும் கதவுப்படியிலும் முன்மூடி விளிம்பிலும் மட்டும் ஒற்றுங்கள். 1943க்கு முந்தைய வண்டி என்றால் சிராய்ப்புக்குள் பழைய அடர் சாம்பல் தெரியலாம்.

6. மேட் பூச்சு

கடைசியாக மேட் வார்னிஷ். முன்கண்ணாடியை அது காய்ந்த பிறகு மாட்டுங்கள், முன்பே மாட்டினால் கண்ணாடி பனிபடிந்ததுபோல மங்கிவிடும். ஒட்ட வெள்ளைப் பசைதான் சரி. சூப்பர் க்ளூவின் ஆவியும் கண்ணாடியை வெளுக்கச் செய்யும்.