விவால்டியின் குளோரியாவை ஈஸ்டருக்குப் பாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு பங்கின் பாடகற்குழு ஈஸ்டருக்கென பரோக் காலப் (ஐரோப்பிய இசையில் ஏறத்தாழ 1600–1750) படைப்பொன்றை முயல விரும்பினால், அந்தோனியோ விவால்டி 1715ஆம் ஆண்டையொட்டி இயற்றியதாகக் கருதப்படும் குளோரியா, அதாவது வானவர் கீதத்தின் இலத்தீன் வரிகளுக்கு அமைத்த இசை, நல்ல தேர்வு. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதிலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய இரவின் பாஸ்கா திருவிழிப்பில் மணிகள் முழங்க வானவர் கீதம் மீண்டும் எழும் வேளையில், பலர் இதன் முதல் பகுதியை மட்டும் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்பகுதியில் இருப்பது கீதத்தின் முதல் வரி மட்டுமே. முழுப் படைப்போ 12 பகுதிகளாக விரிந்து ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்வது. ஆகவே திருப்பலியில் தமிழ்க் கீதத்தை மக்களோடு சேர்ந்து பாடிவிட்டு, விவால்டியை ஞாயிறு மாலை தனி இசை நிகழ்ச்சியாக வைப்பதே முறை என்பேன்.

இலத்தீன் வரிகளைத் தமிழில் எழுதிப் படிப்பது நம் வழக்கம். அதில் தவறில்லை, எழுதும் முறையில்தான் கவனம் வேண்டும். ‘குளோரியா’ என்று எழுதினால், ஓங்கிய தட்டில் ‘ளோ’ விழுவதற்கு முன்பே ‘கு’ என்ற ஓர் அசை நுழைந்து, நால்வகைக் குரல்களும் ஒன்றாகத் தொடங்க வேண்டிய இடம் சிதறிவிடும். ‘க்ளோரியா’ என்றே எழுதுங்கள். ‘தேயோ’ என்பதில் தானாக வந்து சேரும் யகரத்தை நீக்க, ‘தே-ஓ’ என்று பிரித்துக் காட்டுங்கள். ‘வொலுந்தாதிஸ்’ என்று எழுதினால் தகரங்கள் நம் நாவில் இயல்பாகவே மென்மையாகிவிடும். ‘வொலுன்-த்தா-த்திஸ்’ என்று எழுதினால் வல்லோசை நிற்கும்.

இரண்டாம் பகுதி மெதுவானது. அதில் ஒரு குரல் தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்க, அடுத்த குரல் அதனோடு மோதும். பிறகுதான் முதற்குரல் ஒரு படி இறங்கும். அந்த மோதல் பிழையோ என்று அஞ்சி முன்கூட்டியே இறங்கிவிடுவதும், கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்கள் அவ்விடத்தில் சுரத்தை அசைப்பதும் இசையின் உயிரையே எடுத்துவிடும். ஆல்ட்டோவையும் (பெண்களின் தாழ்குரல்) டெனரையும் (ஆண்களின் உயர்குரல்) மட்டும் நிறுத்தி, அசைவின்றி, அந்த உரசல் காதுக்குப் பழகும்வரை பாட வையுங்கள்.

பங்கு மன்றத்தில் பழகிய வேகம் இருதய ஆண்டவர் பசிலிக்கா போன்ற உயர்ந்த கூரையின் கீழ் எடுபடாது. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இறுதிப் பகுதி எதிரொலியில் குழம்பிவிடும். ஆலயத்திலேயே இருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

சோப்ரானோக்கள் (பெண்களின் உயர்குரல் பாடுவோர்) களைத்துவிட்டார்கள் என்று கடைசி நேரத்தில் கீபோர்டில் அரைச் சுரம் இறக்குவதற்குப் ‘பரோக் சுருதி’ என்று காரணம் சொல்லாதீர்கள். அக்காலச் சுருதி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ‘ஏ’ (A) சுரத்துக்கு 415 ஹெர்ட்ஸ் (இன்றைய 440ஐவிட ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்வு) என்பது பிற்காலத்தார் வசதிக்காக ஏற்றுக்கொண்ட அளவு. வயலின், ஓபோ (ஒருவகை மரக் குழல் கருவி) கலைஞர்கள் இருந்தால் சுருதியை முதல் ஒத்திகையிலேயே அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.