ஐ7 என்ற பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

என் அக்கா மகன் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு அக்காவும் கொஞ்சம் போட, ஒரு கேமிங் கணினி வாங்கினான். விளம்பரத்தில் இருந்தது ஒரே வரி: “ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு.” மறுநாளே போன் வந்தது. “மாமா, புது கேம் எதைப் போட்டாலும் படம் நின்று நின்று வருகிறது. கொஞ்சம் வந்து பாருங்கள்.”

கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். வண்ண விளக்கு எரியும் நான்கு ஃபேன்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு ஜிடி 730 கார்டு. கணினியின் மூளையான பிராசசர் ஐ7-2600. விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஐ7-2600 வெளிவந்தது 2011-இல். ஐ7 என்பது இன்டெல் நிறுவனப் பிராசசர்களில் ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஐ7-2600, ஐ3-12100 இரண்டுக்கும் 4 கோர் (கணக்கிடும் மையம்), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை)தான். ஆனால் வேகத்தில் அந்த ஐ3 பல படி மேலே நிற்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் என்ற கேமை விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அவை இல்லாத பழைய இயந்திரத்தில் எப்படியோ விண்டோஸ் 11-ஐப் போட்டுவிட்டாலும் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது அந்த “4 ஜிபி”. கார்டில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பது குடோனின் அளவு. குடோன் பெரிதாக இருந்தாலும் அதற்குப் போகும் சந்து குறுகலாக இருந்தால் சரக்கு வெளியே வராது. ஜிடி 730-இல் டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரியும் 64 பிட் பாதையும் கொண்ட ரகம் நொடிக்கு 14.4 ஜிபி தகவலைத்தான் கடத்தும். அதே 4 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1650, 2019-இல் வந்தபோதே நொடிக்கு 128 ஜிபி கடத்தியது. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. ஆகவே “எத்தனை ஜிபி கார்டு?” என்று கேட்காதீர்கள். மாடல் பெயரை முழுதாகக் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் சொன்னால்கூடப் போதாது. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் படத்தைக் கணக்கிடும் சிறு கோர்கள் 2560. 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், மெமரிப் பாதையும் குறுகல்.

எதை விளையாடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போவதும் பெரிய தவறு. வேலரண்ட் போன்ற இலகுவான கேம்கள் மட்டும்தான் என்றால் தனி கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசர் போதும். அப்போது ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி இருந்தால் பாதை இரட்டிப்பாகும். புதிய கதை விளையாட்டுகள் வேண்டுமென்றால், மானிட்டர் நீங்கலான பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். ஐ3-12100எஃப் போல எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கார்டைப் பிறகு வாங்கலாம் என்று அதை எடுத்து வந்தால் திரையில் எதுவும் தெரியாது.

காசை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெட்டியில் “450 வாட்” என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்து. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது அவ்வளவுதான். மின்சாரம் ஏறி இறங்கும் நம் ஊர்களில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கண்ணாடி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் குறைத்தாவது மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, வாரண்டி தரும் நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கச் சொல்லி நான் யாரிடமும் கெஞ்சத் தயார்.

செகண்ட் ஹேண்ட் கார்டு தவறில்லை; சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கார்டுகளைக் கொண்டு அதை ஈட்டும் ‘மைனிங்’ நின்றுபோனது; அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2048எஸ்பி என்றொரு ரகமும் உலவுகிறது. உண்மையில் அது ஆர்எக்ஸ் 570-க்கு இணையானது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, தெரிந்தவரிடம் வாங்கினாலும் சரி, கண்ணெதிரே கால் மணி நேரமாவது கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீரியல் எண் எழுதிய பில் கேளுங்கள். ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டிக்கு யாரிடம் போவது என்று யோசியுங்கள்.

நல்லதை வாங்கியும் வீணடிப்பவர்கள் உண்டு. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிடுவார்கள். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் அமைப்பில் 60-லேயே விட்டுவிடுவார்கள். 3200 வேக ரேம், பயாஸ் என்ற மதர்போர்டு அமைப்பில் ரேமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பியைப் போடாததால் 2133-இல் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ரேமின் வேகம் தெரிந்துவிடும்.

அக்கா மகனின் கணினியில் 16 ஜிபி ரேமும் டிடிஆர்3 என்பதால் புதிய போர்டில் பொருந்தவில்லை. கேபினட்டும் எஸ்எஸ்டியும் மட்டும் தேறின. ஆறு மாதம் பொறுத்து ஐ3-12100எஃப், பழைய ஆர்எக்ஸ் 6600, புது எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கினோம். கார்டை வாங்கும்போது பின்னால் இருந்த சீரியல் எண்ணைக் கடைக்காரர் முன்னாலேயே பில்லோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் இலக்கமாக அவன்தான் வாசித்தான்.