சிங்கிங் பவுல் வாசிக்கப் பழகுவது எப்படி

சிங்கிங் பவுல் என்பது கட்டையால் தட்டினாலும் விளிம்பில் உரசினாலும் நீண்டு ஒலிக்கிற உலோகக் கிண்ணம். புதுச்சேரியிலோ ஆரோவில் பக்கமோ அதை வாங்கப் போனால் ஏழு உலோகம், ஏழு சக்கரம் என்று கதை சொல்லி விற்பார்கள். கதையை விடுங்கள், ஒலியைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கிண்ணம் என்பது செம்பும் வெள்ளீயமும் ஏறக்குறைய 80க்கு 20 கலந்த வெண்கலம்தான், கோயில் மணியின் உலோகம். நேபாளத்தில் சுத்தியால் அடித்துச் செய்ததில் அடித்த தடம் தெரியும். முதல் கிண்ணம் உள்ளங்கையில் உட்காருகிற அளவு போதும்.

உடனே உரச வேண்டாம், தட்டிப் பழகுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தட்டையாக விரித்த உள்ளங்கையில் கிண்ணத்தை வைத்து, விரல் எதுவும் பக்கச் சுவரில் படாமல், துணி சுற்றிய கட்டையால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டு. முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். மேலே கேட்கிற மெல்லிய ஒலி சீக்கிரம் கரைந்துவிடும், அடியில் இருக்கிற கனமான சுரம் மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நீளும். தம்புராவில் ஒரே சுருதியில் இருக்க வேண்டிய இரண்டு சாரணித் தந்திகள் துளி விலகியிருந்தால் வருமே, அதே அலை. கைவேலைக் கிண்ணம் அச்சு அசலான வட்டமாக இருக்காது, சுவரும் ஒரே கனத்தில் இருக்காது, அதனால் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு அதிர்வுகள் சேர்ந்து பிறக்கின்றன. விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள்: சில இடங்களில் அலை ஏறக்குறைய நின்றுவிடும், கொஞ்சம் தள்ளித் தட்டினால் திரும்ப வரும். எனக்கு இந்த வாத்தியத்தில் மிகப் பிடித்தது இதுதான், ஒரே கிண்ணத்தில் இரண்டு குரல்!

அப்புறம் உரசல். லேசாகத் தட்டிவிட்டு, அந்த ஒலி இருக்கும்போதே மரக்கட்டையை நிமிர்த்திப் பிடித்து வெளிவிளிம்பில் சுற்றத் தொடங்குங்கள். மணிக்கட்டை மட்டும் சுழற்றாமல் கை முழுதும் சுற்றணும். ஒலி வரவில்லையென்றால் எல்லோரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள், ஆனால் தேவைப்படுவது விடாத அழுத்தம். வயலின் வில் தந்தியைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோலத்தான் கட்டையும் விளிம்பில் வேலை செய்கிறது. கடகடவென்று துள்ளினால் வேகத்தைக் குறைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். கீச்சொலி வந்தால் தோல் சுற்றிய கட்டைக்கு மாறலாம், அடிச்சுரம் நன்றாக எழும்.

சுருதிப்பெட்டி இருந்தால் கிண்ணத்தின் அடிச்சுரம் எது என்று பார்த்து அதோடு சேர்ந்து பாடிப் பழகுங்கள். ஜலதரங்கம் போலத் தண்ணீர் ஊற்றினால் சுருதி இறங்கும். ஆரோவில்லில் வாத்தியங்கள் செய்கிற ஸ்வரம் பட்டறைக்கும் ஒருமுறை போய் வாருங்கள், காதுக்கு நல்ல பயிற்சி.

கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் வெண்கலம் பச்சை பூக்கும். வாசித்ததும் கைவியர்வை போக உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வையுங்கள். மினுமினுப்பு குறைந்தால் கவலை வேண்டாம், நாதம் குறையாது.