பிரீமியர் புரோ மீடியா கேஷை சி டிரைவிலிருந்து மாற்றுவது எப்படி?

எடிட்டிங் பழக ஆரம்பித்த சில வாரங்களில் சி டிரைவ் நிரம்பிவிட்டதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது மீடியா கேஷைத்தான், அதாவது வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோ வேகமாக இயங்குவதற்காகத் தானே உருவாக்கி வைத்துக்கொள்ளும் துணைக் கோப்புகளை.

எம்பி4 போன்ற கோப்பை உள்ளே கொண்டுவந்ததும், பிரீமியர் அதன் ஆடியோவைச் சுருக்காமல் 32 பிட்டில் சிஎஃப்ஏ கோப்பாக எழுதிக்கொள்கிறது. டைம்லைனில் ஒலியை வரைபடமாகக் காட்டும் அலைவடிவத்துக்குத் தனியாக ஒரு பிஇகே கோப்பு, அது சின்னது. இடத்தைத் தின்பது சிஎஃப்ஏதான்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. மூன்று கேமராவில் ஆறாறு மணி நேரம் எடுத்த கல்யாண வீடியோவுக்கு 25 ஜிபி போய்விடும். இவை சேரும் இடமான ஆப்டேட்டா, விண்டோஸில் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் தேடினாலும் எளிதில் கண்ணில் படாது.

வேறொரு எஸ்எஸ்டியில், உதாரணமாக டி டிரைவில், புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். அடோபியின் மற்ற மென்பொருள்களான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மீடியா என்கோடர் திறந்திருந்தால் மூடுங்கள். அவையும் இதே கேஷைப் பயன்படுத்துகின்றன. பிரீமியரைத் திறந்து, எந்த ப்ராஜெக்டையும் திறக்காமல், எடிட் → பிரிஃபரன்ஸஸ் → மீடியா கேஷ் போங்கள்.

அங்கே டெலீட் பட்டனை அழுத்தி, எல்லாக் கேஷ் கோப்புகளையும் நீக்கும் தேர்வைக் கொடுங்கள். பயப்பட வேண்டாம், ஒரிஜினல் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து பிரவுஸ் பட்டன்கள் இரண்டு இருக்கும்: ஒன்று கேஷ் கோப்புகளுக்கு, மற்றது அவற்றைப் பற்றிய பதிவேடான டேட்டாபேஸுக்கு. இரண்டிலும் புதிய ஃபோல்டரைக் காட்டுங்கள். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரிஜினல் கோப்புக்குப் பக்கத்திலேயே சேமிக்கும் டிக் பாக்ஸைத் தொடாதீர்கள். ஃபுட்டேஜ் ஃபோல்டரெல்லாம் குப்பையாகிவிடும்.

கீழே தானாக அழிக்கும் வசதியும் உண்டு. 90 நாளுக்கு மேல் பழையதை அழிக்கச் சொன்னால் போதும்.

பிரீமியரை மூடித் திறந்து ப்ராஜெக்டுக்குள் போனால் ஆடியோ கேட்காமல் இருக்கலாம், அலைவடிவமும் தெரியாது. கேஷ் மறுபடி உருவாகிறது. வலது கீழ் மூலையில் ஓடும் பட்டை முடியும்வரை காத்திருங்கள்.

வெளி டிரைவில் வைப்பவர்கள், அதைச் செருகிய பிறகே பிரீமியரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் டிரைவ் எழுத்தை மாற்றிவிட்டால் பழைய பாதை தொலைந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் குறைந்தால் அது ரெண்டர் பிரிவ்யூவாக, அதாவது டைம்லைன் தடங்கலின்றி ஓட முன்கூட்டியே உருவாக்கும் வீடியோ கோப்புகளாக இருக்கலாம். அதன் இடம் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில், ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பகுதியில் இருக்கிறது.